கறுப்புக் காரை உலர்ந்த துணியால் தொடாதீர்கள்

கறுப்பு, கருநீலம், அடர் சாம்பல், மரூன் என எந்த அடர் நிறக் கார் வைத்திருந்தாலும் ஒரு விஷயம் சீக்கிரமே கண்ணில் பட்டுவிடும். வெயிலில் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்று, பானெட்டில் சூரியன் தெரியும் இடத்தைப் பாருங்கள். அந்த ஒளியைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாக மெல்லிய கோடுகள் ஓடும். இதைத்தான் ஸ்வர்ல் என்கிறார்கள். வாங்கி ஆறு மாதம் ஆகாத காரிலும் இருக்கும். சில கார்கள் டெலிவரிக்கு முன்னால் யாரோ அவசரமாகத் துடைத்ததில் இந்தக் கோடுகளோடேதான் ஷோரூமை விட்டு வெளியே வருகின்றன.

பார்த்ததும் பாலிஷ் போட ஓடுகிறவர்கள்தான் அதிகம். கொஞ்சம் பொறுங்கள். காரைக் கழுவும் விதத்தை மாற்றாமல் பாலிஷ் போட்டால் மூன்றே மாதத்தில் அதே கோடுகள் திரும்ப வந்துவிடும், நடுவில் பெயிண்ட் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்.

ஏன் குறைகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். இன்றைய கார்களில் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு, அதன் மேல் பிரைமர், அப்புறம் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாம் பார்க்கும் பளபளப்பு, நாம் பார்க்கும் கோடு, இரண்டுமே இந்தக் கிளியர் கோட்டில்தான் இருக்கின்றன. பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் 40 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான் என்றால் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுத்து, அடியில் இருக்கும் நிறம் வெளுக்காமல் காப்பதும் அதேதான். பாலிஷ் போடுவது என்றால் கீறலின் அடிமட்டம் வரை அல்லது அதற்குக் கிட்டத்தில் வரை சுற்றியிருக்கும் கிளியர் கோட்டைச் சீவி எடுப்பது. மிதமான பாலிஷில் ஒன்றிரண்டு மைக்ரான்தான் போகும், அதில் தவறில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை கனமான காம்பவுண்ட், அதாவது அதிகம் சீவும் பாலிஷ், போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் எடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. கிளியர் கோட் வெளிறி உரிய ஆரம்பித்துவிட்டால் மறுபடி பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

வெள்ளைக் காரில் கீறல் விழுவதில்லை என்று நினைக்காதீர்கள். அதே அளவு விழும். கீறலின் விளிம்பில் பட்டுச் சிதறும் வெளிச்சமும் வெள்ளை, பின்னால் இருக்கும் நிறமும் வெள்ளை, அதனால் தெரிவதில்லை. மெட்டாலிக் கறுப்பில் மினுமினுப்புத் துகள்கள் ஓரளவு மறைத்துவிடும். சாலிட் கறுப்பு எதையும் மறைக்காது. இன்னொன்று, கோடுகள் வட்டமாகத் தெரிவதால் யாரோ வட்டமாகத் துடைத்ததால்தான் வந்தது என்று அர்த்தமில்லை. எல்லாத் திசையிலும் கீறல் இருக்கிறது, அதில் வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவுதான். நீங்கள் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும்.

சரி, கீறல் எங்கிருந்து வருகிறது? தொடுவதிலிருந்து. காரில் படியும் தூசியில் நுண்மணலும் இருக்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கிளியர் கோட்டைவிட எவ்வளவோ கடினமானது. அதன் மேல் உலர்ந்த துணியை வைத்து இழுத்தால் துணி எவ்வளவு மென்மையாக இருந்து என்ன பயன், கீறுவது துணி இல்லையே. தினமும் காலையில் டஸ்டரால் தட்டிவிட்டு எடுப்பது கறுப்புக் காருக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல் என்பேன். தூசியோடு ஓட்டுங்கள், பரவாயில்லை. தூசி தானாகக் கீறாது.

கழுவும்போது நிழலில் நிறுத்தி, புறங்கையை பானெட்டில் வைத்துச் சூடு ஆறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சக்கரங்களை முதலில், தனி வாளி தனி பிரஷ் வைத்து முடித்துவிட வேண்டும், ஏனென்றால் பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் தூள் அங்கேதான் சேர்கிறது. அப்புறம் மேலிருந்து கீழாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, முடிந்தால் நுரை தெளித்துச் சில நிமிடம் ஊறவிட்டு (காயவிடக் கூடாது), திரும்பவும் அலசுங்கள். இதுவரை கை படவே கூடாது. எவ்வளவு அழுக்கு தொடாமலே போகிறதோ அவ்வளவு லாபம்.

தொடும் கட்டத்தில் இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பூ கலந்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர், இரண்டின் அடியிலும் ஓட்டைகள் உள்ள தட்டு ஒன்று போட்டுவிட்டால் கீழே இறங்கிய மணல் மேலே எழும்பாது. மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் முக்கி ஒரு பகுதியை மட்டும் நேர்க்கோட்டில், அழுத்தாமல் கழுவி, உடனே வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். கூரை, கண்ணாடி, பானெட் முடிந்து கடைசியில்தான் கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும். அதற்கு வேறு கையுறை இருந்தால் நல்லது. முடித்ததும் வெறும் தண்ணீர் வாளியின் அடியைப் பாருங்கள். அங்கே படிந்திருக்கும் அந்த மெல்லிய மண், ஒரே வாளியில் கழுவியிருந்தால் உங்கள் பெயிண்டின் மேல் சுற்றிச் சுற்றி வந்திருக்கும்.

துடைப்பதிலும் பாதிக் கோடு விழும். முடிவில் குழாயின் முனையைக் கழற்றிவிட்டு, அடிக்காமல் மேலிருந்து மெதுவாக வழியவிட்டால் தண்ணீர் ஒரே படலமாக இறங்கிப் பெரும்பகுதி தானாகப் போய்விடும். மிச்சத்துக்குப் பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் டவலை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள். தரையில் விழுந்த துணி அன்றைக்குப் பெயிண்ட் பக்கம் வரக் கூடாது. இந்தத் துணிகளைத் துவைக்கும்போது வாசனைக்காகவும் மென்மைக்காகவும் ஊற்றும் திரவத்தைச் சேர்க்காதீர்கள், அது இழைகளில் படிந்து தண்ணீர் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும்.

ஒழுங்காகத் துடைக்காமல் வெயிலில் காயவிட்டால் உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டமாகப் படியும். அடர் நிறத் தகடு வெயிலில் கை வைக்க முடியாத அளவு சூடாகும் என்பதால் இது கண்ணெதிரிலேயே நடக்கும். புதிய கறை என்றால் வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, ஆறிய தகட்டில் துணியால் சில நிமிடம் ஒற்றி வைத்துவிட்டு நன்றாக அலசினால் போய்விடும். பல நாள் ஊறிய கறை கிளியர் கோட்டை அரித்துக் குழியாக்கிவிடும், அப்போது பாலிஷ்தான்.

இனி பாலிஷ். கழுவிய காரின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு தடவினால் சொரசொரப்பு தெரியும். அது ஒட்டிப்போன இரும்புத் துகள், தார், மரப்பிசின். இரும்புக்கென்று ஒரு ஸ்ப்ரே இருக்கிறது, தெளித்ததும் துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும், அலசிவிடலாம். மற்றதைக் களிமண் கட்டியால், அதாவது கிளே பாரால், வழுக்கும் திரவம் தாராளமாக விட்டு எடுக்க வேண்டும். கறுப்புப் பெயிண்டில் கிளே பாரே மெல்லிய தடம் போடும், ஆகவே அடுத்து பாலிஷ் போடப் போவதில்லை என்றால் கிளே பக்கம் போகாதீர்கள்.

மெஷின் வாங்குவதாக இருந்தால் டூயல் ஆக்ஷன் வாங்குங்கள். தட்டு சுழல்வதோடு ஆடவும் செய்வதால் வெப்பம் ஒரே இடத்தில் குவியாது, பெயிண்டைச் சுட்டுவிடும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆடாமல் சுழல மட்டும் செய்யும் ரோட்டரி வேகமாக வெட்டும், கைப்பழக்கம் இல்லாதவர் கையில் அது ஹாலோகிராம் என்று சொல்லப்படும் அலை அலையான தடங்களை விட்டுவிடும். ரப்பர், பிளாஸ்டிக், கதவின் கூர்மையான விளிம்பு எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்புகளில் பெயிண்ட் மற்ற இடங்களைவிட மெல்லியது. பழைய கார் வாங்கியவர்கள் பெயிண்ட் தடிமன் மீட்டரால் ஒருமுறை அளந்து பார்க்காமல் காம்பவுண்டைத் தொட வேண்டாம், முன்பே எத்தனை பேர் சீவியிருக்கிறார்கள் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

முதலில் பானெட்டில் ஒன்றரை அடிச் சதுரம் ஒன்றில் சோதனை. இருப்பதிலேயே மென்மையான பேட் (மெஷினில் மாட்டும் பஞ்சு வட்டு), மென்மையான பாலிஷ், அதில் ஆரம்பித்துப் போதவில்லை என்றால்தான் அடுத்தது. பேடில் பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டு வைத்து, மெஷினை ஆன் செய்வதற்கு முன்பே அந்தச் சதுரத்தில் ஒற்றிப் பரப்பிவிடுங்கள், இல்லையென்றால் கண்ணாடி வரைக்கும் தெறிக்கும். பேடைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் ஓடும்போது பேட் சுற்றுகிறதா என்று தெரியும். கோடு நின்றுவிட்டால் அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது மெஷின் சாய்ந்திருக்கிறது. நொடிக்கு ஓர் அங்குலம் என்ற மெதுவான வேகத்தில், முந்தைய தடத்தில் பாதியை மூடியபடி குறுக்கும் நெடுக்குமாகப் போக வேண்டும். பெரும்பாலும் எல்லாரும் தவறுவது இந்த வேகத்தில்தான், தரையைக் கூட்டுகிற வேகத்தில் மெஷினை இழுத்தால் பாலிஷுக்கு வேலை செய்ய நேரமே கிடைக்காது. வெள்ளையாக இருந்த பாலிஷ் மெல்ல மெல்ல நிறம் இழந்து எண்ணெய்ப் படலமாகும். அப்போது நிறுத்தித் துடையுங்கள். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேடை பிரஷால் சுத்தம் செய்ய மறக்க வேண்டாம்.

துடைத்ததும் தெரியும் பளபளப்பை நம்பாதீர்கள். பாலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கும். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் துடைத்தபின் எல்.இ.டி. டார்ச் ஒன்றைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள், அதுதான் உண்மை. டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தக் காரும் அழகாகத்தான் தெரியும். கடையில் கொடுத்துப் போட்டாலும் காரை வெயிலுக்குக் கொண்டுவந்து பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். கோடு போய் லேசான புகை மூட்டம் மாதிரி ஒன்று மிஞ்சினால் அது பேட் விட்ட தடம், மென்மையான ஃபினிஷிங் பேடும் நுண்ணிய பாலிஷும் அதை எடுத்துவிடும். மென்மையான கிளியர் கோட் உள்ள கறுப்புக் காரில் இந்த இரண்டாம் கட்டம் இல்லாமல் முடியாது. நகத்தை ஓட்டினால் மாட்டும் கீறலை விட்டுவிடுங்கள். அதைத் துரத்தினால் கிளியர் கோட்டைத் துளைத்துவிடுவீர்கள். என்னைப் பொறுத்தவரை பத்தில் எட்டுக் கோடு போனால் வேலை முடிந்தது.

பாதுகாப்பு என்று எதைப் பூசினாலும் அது இதற்குப் பிறகுதான். கீறலோடு கோட்டிங் போட்டால் கீறலும் சேர்ந்து கோட்டிங்குக்குள் இருக்கும். கார்னூபா வேக்ஸ் கறுப்பில் அபாரமான ஆழம் கொடுக்கும், ஆனால் வெயிலில் நிற்கும் காரில் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதம்தான். செயற்கை சீலன்ட் அதைவிட நீடிக்கும். செராமிக் கோட்டிங் வருடக் கணக்கில் இருக்கும், அழுக்கு சுலபமாகக் கழன்றுவிடும், எனக்கும் பிடிக்கும். ஆனால் 9எச் என்று சொல்லி விற்பதை வைத்து இனிமேல் கீறலே விழாது என்று நம்பாதீர்கள். அது பென்சில் முனையை வைத்துச் செய்யும் சோதனையின் அளவு, மணலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் முத்து முத்தாக நிற்பதும் கறை படியாது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது, முத்து காய்ந்தால் கறைதான். வீட்டிலேயே பூசுபவர்கள் இரண்டடிச் சதுரமாகப் பூசி, அந்தத் திரவம் வானவில் நிறம் காட்டியதும் துடைத்து, வேறு கோணத்தில் வெளிச்சம் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். துடைக்காமல் விட்ட திட்டு காய்ந்துவிட்டால் கறுப்பில் அப்பட்டமாகத் தெரியும், மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கல் தெறிப்பதைத் தடுப்பது பிபிஎஃப், அதாவது பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம் மட்டும்தான். 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பாலியூரித்தேன் ஃபிலிம், மேலே விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டில் தானாக மறையும். முழுக் காருக்கும் ஒட்ட முடியாதவர்கள் முன் பம்பர், பானெட்டின் முன்பகுதி, கதவுக் கைப்பிடிக் குழி, இவற்றுக்காவது ஒட்டலாம். இரண்டு கதவுகளுக்கு நடுவில் இருக்கும் பளபள கறுப்பு பிளாஸ்டிக்குக்குப் புதுக்காரிலேயே ஒட்டிவிடுங்கள். எந்த நிறக் காராக இருந்தாலும் முதலில் கீறல் விழுவது அங்கேதான்.

பறவை எச்சத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அதில் யூரிக் அமிலம் இருக்கிறது. அது போதாதென்று, வெயிலில் கிளியர் கோட் இளகி விரியும், காய்ந்து கெட்டியான எச்சத்தின் மேல் சாயங்காலம் அது சுருங்கும்போது எச்சத்தின் வடிவமே பெயிண்டில் பதிந்துவிடும். ஈரத் துணியை அதன் மேல் போட்டுச் சில நிமிடம் ஊறவைத்து, தேய்க்காமல் அப்படியே தூக்கி எடுங்கள். டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சுத்தமான துணியும் எப்போதும் இருக்கட்டும். கார் கவரைச் சுத்தமான காருக்கு மட்டும் போடுங்கள், தூசிக் காரின் மேல் போட்ட கவர் காற்றில் ஆட ஆட அதுவே தேய்க்கும்.

கடைசியாக, புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவோ பம்பரோ இருந்தால் அதன் மேல் வேக்ஸோ கோட்டிங்கோ உடனே போட வேண்டாம். உள்ளே இருக்கும் சால்வென்ட் ஆவியாகி வெளியேற வழி வேண்டும். பெயிண்டைப் பொறுத்து 30 நாள் முதல் 90 நாள் வரை ஆகலாம், அடித்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை தண்ணீரும் நல்ல கார் ஷாம்பூவும் போதும்.