அந்த மூன்று நிமிடம்

பென்னாகரம் பக்கத்தில் ஒரு சின்ன துணை மின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டராக இருக்கிறேன், பத்தொன்பது வருடமாகிறது. 33 கே.வி.யில், அதாவது 33,000 வோல்ட்டில், வருவதை 11 கே.வி.யாக இறக்கி ஊர்ப்பக்கம் அனுப்புவோம். ராத்திரியில் மணிக்கு ஒருதரம் மீட்டர் பார்த்து லாக் புக்கில் எழுத வேண்டும், மிச்ச நேரம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மரின் உறுமல்தான் துணை. மின்சாரம் நொடிக்கு 50 சுற்று போகிறது, அதற்கேற்ப உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் நொடிக்கு 100 முறை நீண்டு சுருங்குகின்றன, அந்தச் சத்தம். கன்ட்ரோல் ரூம் ஜன்னல் கண்ணாடியில் விரல் நுனியை வைத்தால் அது விரலுக்குள்ளும் வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒகேனக்கல்லில் தண்ணீர் விழுந்து ஓடுகிற மாதிரி கம்பிக்குள் மின்சாரம் ஓடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நம் வீட்டுக்கு வருவது ஏ.சி., திசை மாறி மாறி ஓடுகிற மின்சாரம்; அந்தக் கம்பியில் இருக்கிற எலக்ட்ரான் எங்கேயும் போவதில்லை, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது, அந்த ஆட்டம் ஒரு தலைமுடியின் பருமன்கூட இருக்காது. அப்படியானால் மேட்டூரில் கிளம்பி இங்கே வந்து சேர்வது எது? கம்பியைச் சுற்றிப் பரவியிருக்கும் மின்புலமும் காந்தப்புலமும்தான் ஆற்றலைக் கொண்டு வருகின்றன, இங்கிலாந்து இயற்பியலாளர் ஜான் பாயின்டிங் 1884-லேயே இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் 33 கே.வி. சுருளும் 11 கே.வி. சுருளும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் வருகிறது, நடுவில் கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் கிடையாது.

வருகிற கரண்ட் மேட்டூர் தண்ணீரால் வந்ததா, நெய்வேலி நிலக்கரியால் வந்ததா, முப்பந்தல் காற்றால் வந்ததா என்றும் பிரிக்க முடியாது. 2013 டிசம்பர் 31-ல் தென் மாநிலங்களும் நாட்டின் மற்ற பகுதிகளோடு சேர்ந்து ஒரே கிரிட், அதாவது ஒரே மின் வலையமைப்பு, ஆன பிறகு, என் மீட்டரில் அதிர்வெண் 49.98 என்று நின்றால் பஞ்சாபிலும் அந்த நேரம் அதேதான். இதெல்லாம் புரியப் புரிய, எல்லாம் ஒரே சக்தி, நம் உணர்வும் அதே சக்திதான் என்று எனக்குள் ஒரு உறுதி வந்துவிட்டது. தியான வகுப்பில் சொன்னதும் அதோடு ஒத்துப்போனது.

ஓர் ஆடி மாதம் அந்த உறுதி போயிற்று. காற்றில் வீடுகளுக்குப் போகும் எல்.டி. லைன் பழுதாகி, எங்கள் வயர்மேன் அண்ணன் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, கம்பி முறுக்கும் பிளேயரோடு ஏணியில் ஏறியிருந்தார். லைன் செத்துத்தான் கிடந்தது. யாரோ ஒரு வீட்டில் மெயினை இறக்காமல் ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறார்கள், அந்தக் கரண்ட் திரும்பி லைனுக்கு ஏறிவிட்டது. ஷிப்ட் முடிந்து அந்த வழியாகப் போன நான் வண்டியை நிறுத்தி, "என்னண்ணா, இன்னும் முடியலையா?" என்றேன். பதில் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே விழுந்தார். கடலைக்கு உழுது போட்டிருந்த மண், அதனால் எலும்பு தப்பியது. மூச்சு இல்லை. கழுத்தில் நாடி தட்டவில்லை, என் விரலும் நடுங்கிக்கொண்டிருந்தது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து அழுத்த ஆரம்பித்தேன். கண் பாதி திறந்திருந்தது. அதில் வேப்பமரம் அசைவது தெரிந்தது. பார்க்கிற ஆள் இல்லை.

மூன்று நிமிடம் இருக்கும், ஒரு பெரிய இழுப்பு, இருமல். அவர் கேட்ட முதல் வார்த்தை: "பிளேயர் எங்க?"

ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி இருந்தது என்று கேட்டேன். "தூங்கி எந்திரிச்சா தூங்கினோம்னு தெரியும்ல, அதுகூட இல்ல தம்பி. நீ கேட்ட, நான் பிளேயரைத் தேடினேன். நடுவுல ஒண்ணுமே இல்ல" என்றார்.

அதற்குப் பிறகு என்னால் பழையபடி பேச முடியவில்லை. சும்மா இருக்கிற மனித உடம்பு சுமார் 100 வாட், அதில் மூளைக்கு 20 வாட் போல. மூளைக்கு ரத்தம் நின்றால் பத்து நொடி சுமாரில் நினைவு போய்விடுகிறது, ஆகவே சக்தி இல்லாமல் உணர்வு இல்லை என்பது சரிதான். சக்திதான் உணர்வு என்பது வேறு பேச்சு. என் கைக்கு அடியில் அந்த நெஞ்சு சூடாகத்தான் இருந்தது. சக்திக் கணக்கில் எதுவும் காணாமல் போகவில்லை, போகவும் போகாது, ஒன்று குறைந்தால் இன்னொன்றில் ஏறிவிடும். அந்த மூன்று நிமிடம் காணாமல் போனவரை எழுத என் லாக் புக்கில் கட்டம் இல்லை. ஒரு நரம்பு செல்லின் மின்னழுத்தம் ஏறக்குறைய 70 மில்லிவோல்ட், எங்கள் 11,000 வோல்ட்டுக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? ஆனாலும் அந்த 70 மில்லிவோல்ட் பக்கம்தான் வலி இருக்கிறது, பயம் இருக்கிறது, பிளேயரைப் பற்றிய கவலை இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குத் தன் உறுமல் கேட்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. எத்தனை வாட் கூட்டினாலும் எந்த இடத்தில் 'கேட்கிறது' என்பது உள்ளே வரும்? இதற்குப் பதில் வைத்திருக்கிற யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை, "எல்லாம் எனர்ஜிதான் சார்" என்று யாராவது முடித்துவிட்டால் மட்டும் மனசு ஒப்புவதில்லை.

அண்ணன் இப்போதும் லைனுக்குப் போகிறார். லைன் செத்திருந்தாலும், அதை மண்ணோடு இணைக்கும் எர்த் ராட் போடாமல் ஏறுவதில்லை. போன வாரம் ராத்திரி ஃபீடர் பழுது பார்த்துவிட்டு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். ரெண்டு பேரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா?" என்று கேட்டார். எப்பவும்தான் என்றேன். ஜன்னல் பக்கம் போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். மணி இரண்டாகியிருந்தது, நான் ரீடிங் எடுக்க எழுந்தேன்.