பரிசலைச் சுற்றவிட்ட கதை

படம் எடுக்க வருகிறவர்களில் பலர் கதையை முடிவு செய்வதற்கு முன்பே பேனர் லோகோவை, அதாவது படம் தொடங்குமுன் திரையில் வரும் தயாரிப்பு நிறுவனச் சின்னத்தை, முடிவு செய்துவிடுகிறார்கள். தர்மபுரியில் உட்கார்ந்துகொண்டு அந்த லோகோக்களை அசைய வைப்பதுதான் என் பிழைப்பு. வருகிறவர்களுக்குச் சிங்கம் வேண்டும், பொன்னெழுத்து வேண்டும், பின்னால் இடி இடிக்க வேண்டும், குலதெய்வமும் ஓரமாக வந்து போக வேண்டும். எல்லாம் 12 விநாடிக்குள். நான் மறுத்துப் பேசுவதில்லை. பழைய லோகோக்கள் சிலவற்றை ஓடவிட்டுக் காட்டுவேன்.

ஜெமினியில் இரண்டு பிள்ளைகள் கொம்பு ஊதுவார்கள், அவ்வளவுதான். விஜயா புரொடக்ஷன்ஸில் அனுமக் கொடி பறக்கும். எம்.ஜி.எம். சிங்கம் கர்ஜிப்பதற்கு மேல் எதுவும் செய்ததில்லை. 1957 முதல் இருந்த லியோ என்ற நிஜச் சிங்கத்தின் இடத்துக்கு 2021இல் கணினியில் உருவாக்கிய சிங்கம் வந்தபோதும் அதன் வேலை மாறவில்லை. பிக்ஸார் விளக்கு மட்டும் கொஞ்சம் வேடிக்கை காட்டும். துள்ளி வந்து ‘ஐ’ எழுத்தை மிதித்து அமுக்கிவிட்டு நம் பக்கம் திரும்பும். ஆனால் அதிலும் நடப்பது ஒரே காரியம்தான். ஒரு படத்தைப் பெரும்பாலோர் ஒரு முறை பார்ப்பார்கள். லோகோவை அந்த நிறுவனத்தின் ஒவ்வொரு படத்திலும் பார்த்தாக வேண்டும். முதல் தடவை அசத்துகிற வெடியும் மின்னலும் மூன்றாம் தடவை எரிச்சலூட்டும்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். “தம்பி, ஒகேனக்கல் அருவி அப்படியே கொட்ட வேண்டும். அதற்குள்ளிருந்து என் அம்மா பெயர் எழுந்து வர வேண்டும்” என்றார். நான் பரிசலை வைத்துக்கொள்ளலாம் என்றேன். நேர் மேலிருந்து பார்த்தால் மூங்கில் வட்டம். அது சுழன்று நிற்கும்போது விளிம்பே பெயரைச் சுற்றிய வளையமாகிவிடும்.

“பரிசலா? ஏழைப் பொருளாகத் தெரியாதா?”

“பொம்மைச் சிங்கத்தைவிடக் கௌரவமாகத்தான் இருக்கும், ஐயா.”

உடனே கைப்பேசியை எடுத்து அம்மாவிடமே கேட்டார். அந்த அம்மாவுக்குப் பிறந்த ஊர் பென்னாகரம் பக்கம். பரிசல் என்றதும் மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அதோடு அருவி கைவிடப்பட்டது.

வரைவது பெரிய வேலையில்லை. சுற்றுவதில்தான் சிக்கல். திரையில் ஒரு விநாடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 தனித்தனிப் படங்கள். விளிம்பை நோக்கி ஏறும் மூங்கில் பிளாச்சுகள் ஏறக்குறைய சம இடைவெளியில் இருக்கின்றன. ஒரு பிரேமிலிருந்து அடுத்த பிரேமுக்குள் ஒரு பிளாச்சு பக்கத்துப் பிளாச்சின் இடத்தைக் கிட்டத்தட்ட எட்டிவிட்டால், கண் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ளும். பரிசல் பின்பக்கமாகச் சுற்றுவதுபோலத் தோன்றும். பழைய படங்களில் வண்டிச் சக்கரம் பின்னோக்கி உருளுமே, அதே கணக்கு. வேகத்தைக் குறைத்தேன், அசைவுக்கேற்ற மங்கலைச் சேர்த்தேன். அதோடு உள்பக்கம் ஒரே ஓர் இடத்தில் கறுப்பாக ஓர் ஒட்டு வைத்தேன். கண் அந்த ஒட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றைத் தொடர்கிறது. காவிரியில் ஓடித் தேய்ந்த பரிசலில் ஒட்டு இல்லாமல் எப்படி இருக்கும்?

நிற்பது அதைவிடக் கடினம். தண்ணீரில் சுற்றும் பொருள் பிரேக் போட்டதுபோல நிற்காது. நிற்க வேண்டிய இடத்தைச் சற்றே தாண்டிப் போய், மெல்லத் திரும்பி வரும். அந்தத் திரும்புதல் ஒரு மயிரிழை கூடினாலும் நகைச்சுவையாகிவிடும். உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போயிற்று. பார்க்கிறவர் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். கவனித்தால் வேலை சரியில்லை என்று பொருள்.

ஒலிக்கு அருவியை வைக்கலாம் என்று அவர் மறுபடியும் கேட்டார். அருவியின் இரைச்சல் ஒகேனக்கலில் நின்று கேட்டால் சிலிர்க்க வைக்கும். திரையரங்கின் ஒலிபெருக்கியிலோ நிலையம் கிடைக்காத வானொலிபோல இரையும். துடுப்பு தண்ணீரைத் தள்ளும் ஓசையை மட்டும் வைத்தோம். லோகோ ஓடும் நேரத்தில் பாதிப்பேர் இருக்கையைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் திரைப்பக்கம் திருப்புவது காதுதான். ஏவி.எம். என்றதும் பலருக்கு எழுத்துக்கு முன் அந்த இசை நினைவுக்கு வருவதும், ஹாலிவுட் இசையமைப்பாளர் ஆல்ஃபிரட் நியூமன் 1933இல் அமைத்த முழக்கம் ஃபாக்ஸ் நிறுவனத்தின் அடையாளமாகவே நிலைத்ததும் இதனால்தான்.

வெளிச்சக் கணக்கும் உண்டு. திரையரங்கில் வெள்ளையின் பிரகாசம் 48 நிட் (திரையின் ஒளிர்வை அளக்கும் அலகு) என்பதுதான் தரநிலை. நம் மேசைத் திரைகள் சாதாரணமாகவே அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒளிரும். அறையில் அழகாகத் தெரிகிற கரும்பச்சை ஆறு அரங்கில் வெறும் இருட்டாகிவிடக்கூடும். அதனால் காலைக் காட்சிக்கு முன்பு உள்ளூர்த் திரையரங்கு ஒன்றில் போட்டுப் பார்த்துத்தான் இருண்ட பகுதிகளின் வெளிச்சத்தைக் கூட்டினேன். பெயருக்குப் பொன்னிறம் மட்டும் விட்டுக்கொடுத்தேன். எனக்கு அது இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அம்மா பெயர், பணமும் அவருடையது.

பிறகு கைப்பேசிக்கு நெட்டுக்குத்தான வடிவம் கேட்டார். அகலத்திரைக்குச் செய்ததை அப்படி வெட்டினால் பெரும்பாலும் நாசமாகும். வட்டம் என்பதால் பரிசல் பிழைத்தது. பெயர்தான் நீளம். இரண்டு வரியாகப் பிரிக்கலாம் என்றேன். அம்மா பெயரை உடைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எழுத்தைச் சிறிதாக்கி அனுப்பினேன். பாக்கித் தொகை அன்று மாலையே வந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.