தடுப்புச் சுவரும் கூலியும்

கோத்தகிரி ரோட்டில் மண் சரிந்த இடத்தில் தடுப்புச் சுவர் வேலை நடக்கிறது. ஒரு பொக்லைன், ஒரு ரெடிமிக்ஸ் லாரி, ஆட்கள் ஏழெட்டுப் பேர். அவ்வளவுதான்.

அரசுப் பணத்தில் கட்டடம் எழுந்தால் உள்ளூரில் வேலை பெருகும் என்பார்கள். பாதிதான் உண்மை. பணம் கூலிக்குப் போகிறதா, சிமெண்ட், கம்பி, டீசலுக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் இதை யோசித்தே எழுதப்பட்டது: காண்ட்ராக்டர் கூடாது, முடிந்தவரை இயந்திரம் கூடாது, பொருள் செலவு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

கருங்கல்லை உடைத்து, முகம் பார்த்து அடுக்கி, பின்னால் சல்லி கொட்டி, தண்ணீர் வடிய இடையிடையே ஓட்டை விட்டுக் கட்டும் சுவருக்கு ஆள் நிறைய வேண்டும். கல் எடுத்துக் கொடுக்கவே நாலு பேர். அதற்காக ரோட்டோரப் பெரிய சரிவையும் கையாலேயே கட்டு என்று சொல்லவில்லை, அங்கே பொக்லைன்தான் சரி. ஆனால் ஹட்டிக்குள் (படுகர் ஊருக்குள்) போகும் நடைபாதைக்கும், இடுப்பளவு ஓடைக்கரைக்கும் எதற்கு? (பொக்லைன் திரும்ப இடம் பண்ணவே பாதிக் கரையை வெட்டுகிறார்கள்!)

அப்புறம், பச்சைத் தேயிலை விலை விழுந்த மாதத்தில் அந்தக் கூலி வந்தால் மளிகைக் கடை பாக்கியாவது அடையும்.