ஒரே கல்லறை, ஆறு சபைகள்

இயேசு சிலுவையில் மரித்து அடக்கம்பண்ணப்பட்டதாக நம்பப்படும் இடத்தில், எருசலேமின் பழைய நகரத்தில் இருக்கும் திருக்கல்லறைத் தேவாலயத்தின் சாவி எந்தக் கிறிஸ்தவச் சபையிடமும் இல்லை. ஜூதே என்கிற முஸ்லிம் குடும்பம் சாவியைக் காக்கிறது, நுசைபா என்கிற இன்னொரு முஸ்லிம் குடும்பம் கதவைத் திறந்து மூடுகிறது. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். வாசலுக்கு மேலே சன்னல் விளிம்பில் சின்ன மர ஏணி ஒன்று நிற்கிறது. உள்ளே எது யார் வசம் இருந்ததோ அது அப்படியே இருக்கட்டும் என்று 1852இல் ஒட்டோமான் சுல்தான் போட்ட ஆணை இன்றும் செல்லுபடியாவதால், சபைகளெல்லாம் ஒத்துக்கொள்ளாமல் அந்த ஏணியைக்கூட எடுக்கக்கூடாது.

பெரிய பங்குகள் மூன்று: கிரேக்க ஆர்த்தடாக்ஸ், ரோமன் கத்தோலிக்கர், அர்மீனியர். காப்டிக், சிரியன், எத்தியோப்பியச் சபைகளுக்கு ஓரங்களும் மூலைகளும். நான் வளர்ந்த சீர்திருத்தச் சபைக்கு ஒரு விளக்கு மாட்டக்கூட இடம் கிடையாது. 1517இல் எங்கள் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் எழும்பியபோது இவர்களெல்லாம் இங்கே எப்போதோ ஊன்றிவிட்டார்கள்.

வாசலைத் தாண்டியதும், இயேசுவின் உடலுக்குத் தைலமிட்ட இடம் என்று நம்பப்படும் கல். 1808 தீ விபத்துக்குப் பிறகு போடப்பட்ட கற்பலகைதான் இப்போது இருப்பது. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பெண்கள் மண்டியிட்டு, கைக்குட்டையால் கல்லைத் துடைத்துத் துடைத்து மடித்துப் பையில் வைக்கிறார்கள். எங்கள் சபையில் யாராவது கல்லை முத்தமிட்டால் போதகர் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். நான் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தேன், அப்புறம் நானும் கை வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு, நறுமணம், ஜில்லென்ற கல்.

வலப்புறம் செங்குத்தான படிகளில் ஏறினால், இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடமான கல்வாரி. மேலே அடுத்தடுத்து இரண்டு பீடங்கள், ஒன்று கத்தோலிக்கருடையது, மற்றது கிரேக்கருடையது. ஒரு பக்கம் இடமிருந்து வலமாகச் சிலுவை வரைகிறார்கள், மறுபக்கம் வலமிருந்து இடமாக. போப்பின் அதிகாரம் எதுவரை, பரிசுத்த ஆவியானவர் பிதாவிடமிருந்து மட்டும் புறப்படுகிறாரா, குமாரனிடமிருந்துமா என்று நெடுங்காலம் புகைந்துகொண்டிருந்த வழக்கில், 1054இல் கத்தோலிக்கரின் ரோமும் கிரேக்கரின் கான்ஸ்டான்டினோப்பிளும் ஒன்றையொன்று விலக்கின. கிரேக்கப் பீடத்துக்கு அடியில் தவழ்ந்து போய் வெள்ளி வளையத்துக்குள் கையை விட்டால் பாறை தட்டுப்படும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் எழுந்திருக்க மாட்டாமல் அழுதுகொண்டிருந்தார். எந்தச் சபைக்காரரோ.

இயேசுவின் கல்லறைமேல் கட்டிய சிற்றாலயத்தின் கதவு குனிந்துதான் போகும் உயரம். உள்ளே நாலு பேர் நின்றால் அதிகம். ஜெபத்தைத் தொடங்கும்போதே துறவி வெளியே வரச் சொல்லிவிடுவார். 1009இல் கலீபா அல்-ஹாக்கிம் இந்தத் தேவாலயத்தை இடித்தபோது கல்லறையும் போய்விட்டது என்று பலர் நினைத்ததுண்டு. 2016இல் பழுதுபார்க்கையில் கல்லறையை மூடியிருந்த பளிங்கை நீக்கினார்கள். அடியில் உடைந்த இன்னொரு பலகை, அதற்கும் கீழே சுண்ணாம்புப் பாறையில் வெட்டிய படுக்கை. சாந்தைச் சோதித்ததில் 4ஆம் நூற்றாண்டு என்று தெரிந்தது, அதாவது ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் இங்கே முதல் ஆலயம் கட்டிய காலம்.

பலர் இத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சிற்றாலயத்தின் பின்பக்கம் சுற்றி வாருங்கள். அங்கே முதுகோடு முதுகாக ஒட்டிய காப்டிக் பீடம். எதிரே சிரியன் சபை வழிபடும் இருண்ட அறை. சுவரெல்லாம் கரி. அது யாருடையது என்று அர்மீனியரோடு தகராறு இருப்பதால் பழுதுபார்க்கவும் வழியில்லை. கூரையில் எத்தியோப்பியத் துறவிகள் சின்னச் சின்ன அறைகளில் குடியிருக்கிறார்கள், அந்த இடத்துக்கும் காப்டிக்குகளோடு வழக்கு. இத்தனைக்கும் இந்தச் சபைகள் விசுவாசத்தில் ஒரே குடும்பம். 451இல் கல்கெதோனில் கூடிய திருச்சபைச் சங்கம் கிறிஸ்துவுக்குத் தெய்விகம், மனிதம் என இரண்டு இயல்புகள் என்று அறிக்கையிட்டபோது, இரண்டும் பிரியாமல் ஒன்றான இயல்பு என்று சொல்லி ஏற்க மறுத்த வழியில் வந்தவர்கள், அர்மீனியரும் அப்படியே. அவரை முழுக் கடவுள், முழு மனிதர் என்று இரு தரப்பும்தான் நம்புகிறது. என்னைக் கேட்டால், வேறு யாரையும்விட இந்தச் சின்னச் சபைகளின் பிடிவாதம்தான் எனக்குப் பிடித்திருந்தது.

சீர்திருத்தச் சபையார் பெரும்பாலும் விரும்பிப் போவது மதிலுக்கு வெளியே, இயேசுவின் கல்லறை இதுதான் என்று சிலர் நம்பும் தோட்டக் கல்லறைக்கு. பூச்செடிகள், பெஞ்சுகள், பல மொழிகளில் பாட்டு, திருவிருந்து. மனசுக்கு இதமான இடம்தான். ஆனால் அந்தக் கல்லறை இயேசுவின் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது என்று தொல்லியலாளர் காப்ரியேல் பார்க்காய் காட்டியிருக்கிறார். சுவிசேஷமோ புதிய கல்லறை என்கிறது. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நெரிசலைப் பொறுத்துக்கொண்டு பெரிய தேவாலயத்துக்கே போங்கள். ஈஸ்டர் சமயத்தில் போகிறவர்கள் இரண்டு காலண்டரையும் பார்த்துக்கொள்வது நல்லது. கத்தோலிக்கர் 1582இல் திருத்திய காலண்டரைப் பின்பற்றுகிறார்கள், ஆர்த்தடாக்ஸ் சபைகள் பழைய கணக்கில் நிற்கின்றன. பெரும்பாலான வருடங்களில் பரிசுத்த வாரம் இங்கே இரண்டு முறை வரும். ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனியன்று கல்லறைக்குள்ளிருந்து பரிசுத்த நெருப்பு கொண்டுவருவார்கள். அன்றைக்குக் குழந்தைகளோடு உள்ளே நுழையப் பார்க்காதீர்கள்.