காயத்துக்குப் பிறகான கணக்கு: ஆஸ்திரேலியாவில் பிஎச்டி செய்ய வருகிறவர்களுக்கு

காயம்பட்டவர்களின் மறுவாழ்வு பற்றி மெல்போர்னில் பிஎச்டி செய்யலாமா என்று என்னிடம் கேட்கிற பிசியோதெரபிஸ்டுகளும் நர்சுகளும் கடைசியில் ஒரே இடத்தில்தான் தயங்குகிறார்கள். மறுவாழ்வு சிகிச்சை சரி, எந்தச் சிகிச்சைக்கு என்ன செலவு, என்ன பலன் என்று கணக்குப் பார்க்கிற இந்தச் சுகாதாரப் பொருளாதாரம் நமக்கு வருமா? வரும். அடிபட்டவரைத் தூக்கி உட்காரவைத்துப் பழகியவர்களுக்குத்தான் இது சீக்கிரம் பிடிபடும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இங்கே இந்தத் துறைக்கு இவ்வளவு இடம் இருப்பதற்குக் காரணம் உண்டு. மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் சாலை விபத்தில் அடிபட்டால், தப்பு யார்மேல் என்று பார்க்காமல் டிஏசி (Transport Accident Commission) என்ற அரசு அமைப்பு சிகிச்சைச் செலவை ஏற்கிறது. வண்டிப் பதிவோடு சேர்த்து எல்லோரும் கட்டுகிற பணத்தில் 1987 முதல் அது நடக்கிறது. தண்டுவடம் முறிந்த ஓர் இளைஞனுக்கு ஆயுள் முழுக்கச் செலவு செய்யவேண்டிய அமைப்பு அது, ஆகவே எந்தப் பயிற்சி அவனை வேலைக்குத் திரும்ப வைக்கும், எது வெறும் செலவு என்று அதற்குத் தெரிந்தே ஆகவேண்டும், அந்தத் தேவையிலிருந்துதான் ஆராய்ச்சிகள் பிறக்கின்றன. 2001-ல் தொடங்கிய விக்டோரியாவின் காயப் பதிவேடு, பலத்த காயம்பட்டவர்களை அவர்கள் வீடு திரும்பிய பிறகும் போனில் அழைத்து எப்படி இருக்கிறீர்கள், வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறது. வார்டை விட்டுப் போன நோயாளி அப்புறம் என்ன ஆனார் என்று தெரியாமலே வேலை பார்த்த எனக்கு, இது பெரிய விஷயமாகப் பட்டது.

சிட்னியில் ஜான் வால்ஷ் பெயரில் ஒரு மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இளவயதில் விளையாட்டில் அடிபட்டுக் கைகால் செயலிழந்தவர் அவர், காப்பீட்டுக் கணக்கியல் நிபுணராகி, இந்த நாட்டின் மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்துக்கு வழிவகுத்த அரசு ஆய்வில் பங்கேற்றார். காயமும் கணக்கும் ஒரே மனிதருக்குள் இருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

கணக்கு என்றதும் பயப்படாதீர்கள். ஈக்யூ-5டி என்ற கேள்வித்தாள் ஐந்தே விஷயம் கேட்கிறது: நடமாட்டம், தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை. பதில்களை ஓர் எண்ணாக மாற்றுவார்கள், முழு நலம் 1, மரணம் 0. மரணத்தைவிட மோசம் என்று மக்கள் மதிப்பிடும் நிலைகள் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். அந்த எண்ணையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் இந்தச் சிகிச்சை கொடுத்த பணத்துக்குத் தகுமா என்று முடிவு செய்கிறார்கள். பதில்களை இப்படி எண்ணாக மாற்ற, இந்திய மக்களிடமே கேட்டுத் தயாரித்த மதிப்பெண்கள் 2022-ல் வெளிவந்துவிட்டன, அதனால் இங்கே கற்பதை அங்கே அப்படியே கொண்டுபோகலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. தலைக்காயம் பட்டவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, ராத்திரி விழித்திருந்து பார்ப்பது யார்? அம்மா, மனைவி, அக்கா. இங்கே வெளியிலிருந்து வருகிற பராமரிப்பாளருக்கு மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் உண்டு, அதனால் அந்த உழைப்பு கணக்கில் தெரிகிறது. நம் வீடுகளில் அது யார் ஏட்டிலும் ஏறுவதில்லை, அதனாலேயே வீட்டிலேயே பார்த்துக்கொள்வதுதான் சிக்கனம் என்ற முடிவு எளிதாக வந்துவிடுகிறது. வேலையை விட்ட மனைவி இழந்த வருமானம் எங்கே போயிற்று? இதை அளக்க முறைகள் இருக்கின்றன. நம் ஆட்கள் யாராவது கையில் எடுக்கவேண்டிய கேள்வி இது, மனதார எதிர்பார்க்கிறேன்.

வாழ்க்கை எப்படி? ஆர்டிபி (Research Training Program) என்ற அரசு ஸ்காலர்ஷிப் வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு, ஆனால் போட்டி கடுமை. 2025-ல் அடிப்படைத் தொகை ஆண்டுக்கு 33,511 ஆஸ்திரேலிய டாலராக இருந்தது, முழுநேர மாணவருக்கு வரி இல்லை. தனியாள் வீட்டைப் பகிர்ந்துகொண்டு சமாளிக்கலாம், குடும்பத்தோடு என்றால் துணையும் சம்பாதித்தாக வேண்டும், அதற்கு விசாவில் அனுமதி உண்டு. சூப்பர்வைசரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், அவர் கருத்தை மறுத்தும் பேசவேண்டும். மறுத்துப் பேசாதவருக்குச் சொந்தக் கருத்தே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வார்டில் எப்போதும் ஆட்களோடு இருந்துவிட்டு நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பது தனிமைதான், வாரம் ஒரு தடவையாவது ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத மனிதர்களைப் பாருங்கள்.

விண்ணப்பிக்கும் முன் சூப்பர்வைசரைப் பிடியுங்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் காய ஆராய்ச்சி மையமான ரெகவர் (RECOVER), மோனாஷ், டீக்கின் பல்கலைக்கழகங்கள், சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பொருளாதார மையமான சியர் (CHERE), இவற்றின் ஆராய்ச்சியாளர்கள் எழுதிய கட்டுரைகள் இரண்டு மூன்றைப் படித்துவிட்டு, நீங்கள் நேரில் பார்த்த எந்த வகை நோயாளி, அவரைப் பற்றி உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வி எது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பட்டங்களின் பட்டியலைவிட அந்தப் பக்கம்தான் பதில் வாங்கித் தரும். நோயாளிகளுக்குச் சிகிச்சையும் கொடுக்க நினைத்தால் தனியாகத் தொழில்முறைப் பதிவு வேண்டும், அதன் தகுதி மதிப்பீட்டுக்கு நேரமும் பணமும் நிறையப் பிடிக்கும், பிஎச்டியில் சேர்ந்த பிறகு அதை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.