மாநாட்டுப் பையில் ஒரு பழைய லைஃப் ஜாக்கெட்

படகுப் பாதுகாப்பு மாநாட்டின் நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும், எந்த அமர்வு தண்ணீரில் நடக்கிறது என்று முதலில் தேடுவது நல்லது. திரை போட்டுச் சொல்வதில் பாதியைப் பிறகு அறிக்கையாக வாங்கிப் படித்துக்கொள்ளலாம். நீச்சல் குளத்தில் காட்டுவதை அப்படிப் பிடிக்க முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால், துண்டை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய்விட வேண்டியதுதான்.

தொடக்க உரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2021-இல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு முதல் அரைமணிக்குள் வந்துவிடும். படகு விபத்தில் மூழ்கியவர்களும் வெள்ளத்தில் போனவர்களும் அந்தக் கணக்கில் சேரவில்லை என்பது மட்டும் பெரும்பாலும் வராது. படகு கவிழ்ந்து மூழ்கினால் அது போக்குவரத்து விபத்து என்ற தலைப்புக்குப் போய்விடுகிறது. படகுக்காரர்கள் கூடிய அரங்கில் இதை யாராவது எழுந்து கேட்டே ஆக வேண்டும். ‘இறப்பு குறைந்தது’ என்று வரைபடம் காட்டினாலும் ஒரு கேள்வி உண்டு: படகுகள் மொத்தம் எத்தனை மணி நேரம் தண்ணீரில் இருந்தன? மழை விடாமல் பெய்த பருவத்தில் எல்லாரும் கரையிலேயே உட்கார்ந்திருந்தால்கூட வரைபடம் இறங்கத்தான் செய்யும்.

காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட் பட்டறைக்குப் புதிதாக வாங்கியதைக் கொண்டுபோவதில் பிரயோஜனம் இல்லை. இரண்டு மூன்று வருடம் படகில் கிடந்து அடிபட்டதுதான் பாடம் சொல்லும். (விமானத்தில் போவதானால் ஜாக்கெட்டை விரியவைக்கும் வாயுச் சிலிண்டருக்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.) முதல் வேலை, சிலிண்டரைக் கழற்றித் தராசில் வைப்பது. 150 நியூட்டன் (மிதக்கவைக்கும் விசையின் அளவு) ஜாக்கெட்டில் பெரும்பாலும் 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். அந்த 33 உள்ளே உள்ள வாயுவின் எடை. ஒப்பிட வேண்டியது சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் மொத்த எடையோடு. கையில் தூக்கிப் பார்த்து ‘கனமாத்தான் இருக்கு’ என்று திருப்பி மாட்டுகிறவர்கள் உண்டு. வாயு போன சிலிண்டரும் இரும்புதானே, கனமாகத்தான் இருக்கும்.

அடிக்கடி அகப்படும் குறை இதைவிடச் சாதாரணமானது. இன்ஜின் அதிர்விலும் ஜாக்கெட்டை மடித்து மடித்து எடுப்பதிலும் சிலிண்டரின் மரை தளர்ந்துவிடுகிறது. பிறகு ஜாக்கெட்டை விரிக்கும் கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் உள்ளிருக்கும் ஊசி சிலிண்டரின் மூடியைச் சரியாகத் துளைக்காது. கையால் இறுக்கினாலே போதும், குறடு தேவையில்லை. தானாக விரியும் வகையில் நீரில் கரையும் மாத்திரை இருந்தால் அதற்குக் காலாவதித் தேதி உண்டு. ஈரத்தோடு குவித்து வைத்த ஜாக்கெட் அறைக்குள்ளேயே ‘டப்’ என்று விரிவது இந்த மாத்திரையால்தான்.

கசிவுச் சோதனைக்குச் சிலிண்டரைச் செலவழிக்கக் கூடாது. வாயால் ஊதினால் ஈரம் உள்ளே தங்கும் என்பதால் கைப்பம்பு மேல். இறுக்கமாக நிரப்பி ஒரு இரவு முழுக்க ஒரே அறையில் வைக்க வேண்டும். மாலை வெயிலில் நிரப்பி அதிகாலைக் குளிரில் அமுக்கிப் பார்த்தால், கசியாத பை கூடத் தளர்ந்தாற்போலத் தெரியும்.

குளத்தில் பார்ப்பது வேறு. தொடைப்பட்டை மாட்டாமல் குதித்தவரின் ஜாக்கெட் ஒரு நொடியில் காதுவரை ஏறிவிடும். அவர் கீழே தொங்குவார், ஜாக்கெட் மேலே மிதக்கும். 50 நியூட்டன் மிதவை அங்கி நினைவு தப்பியவரை மல்லாக்கத் திருப்பாது. குப்புற மிதப்பது போல நடித்துக் காட்டினால் அதைத் தனியாக விளக்கவே வேண்டாம். 150 நியூட்டன் பொதுவாகத் திருப்பும். ஆனால் காற்றைப் பிடித்துவைக்கும் தடித்த மழை உடுப்பு போட்டிருந்தால் அதுவும் தடுமாறும்; 275 நியூட்டன் வகை அதற்காகத்தான் இருக்கிறது.

பையில் அடைத்த எறிகயிற்றைப் பலர் தண்ணீரில் இருக்கும் ஆளைக் குறிபார்த்து வீசுகிறார்கள். ஆளைத் தாண்டி விழும்படி வீசினால்தான் கயிறு தோள்மேல் படியும். முதல் வீச்சு தவறினால் கயிற்றைப் பைக்குள் திணித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. பையில் தண்ணீர் மொண்டு, அந்தக் கனத்தோடு திரும்ப எறிய வேண்டும். குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போல ஆனதும் விரல் மடங்காது. அப்போது ‘பிடி, பிடி’ என்று கத்தி என்ன பயன்? அக்குளுக்குக் கீழே மாட்டும்படி ஒரு சுருக்கு போட்டே கொடுக்க வேண்டும். குளிர்நீரில் நெடுநேரம் கிடந்தவரை முடிந்தவரை படுக்கைவசமாகத் தூக்க வேண்டும். செங்குத்தாக இழுத்தால் உடம்பைச் சுற்றியிருந்த நீரின் அழுத்தம் ஒரேயடியாக விலகி இரத்த அழுத்தம் சரியும். காப்பாற்றியாயிற்று என்று நினைக்கும் நேரத்தில் ஆள் மயங்கிவிடுவார்.

இன்ஜினை உடனே நிறுத்தும் கில் ஸ்விட்ச் பற்றிய அமர்வு சின்னதுதான், ஆனால் தவறவிடக் கூடாது. ஓட்டுநர் அதன் கயிற்றைத் தன் உடம்பில் மாட்டியிருந்தால், அவர் விழுந்ததும் இன்ஜின் நிற்கும், சரி. அந்தக் கயிறும் கிளிப்பும் அவரோடு தண்ணீருக்குள் போய்விட்டதே. படகில் மிச்சம் இருப்பவர் எதை மாட்டி இன்ஜினைக் கிளப்பி அவரிடம் போவார்? இரண்டாவது கிளிப் ஒன்று படகில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். இதைக் கேட்டதும் அரங்கில் பாதிப் பேர் குறிப்பேட்டில் எழுதுவார்கள்.

ஊர் திரும்பிய வாரத்திலேயே தராசு ஒன்று வாங்கி, எல்லாச் சிலிண்டரின் எடையையும் தேதி போட்டு எழுதிவிடுவது நல்லது, தள்ளிப்போட்டால் நடக்காது. கசிவுச் சோதனையில் காலையில் காற்று இறங்கிக் கிடக்கும் ஜாக்கெட்டை முழுசாகக் குப்பையில் போடக் கூடாது. யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். சிலிண்டரைக் கழற்றி, பையைக் கத்தரியால் குறுக்கே வெட்டிய பிறகே போட வேண்டும்.