2018-க்குத் திரும்பிய கடிகாரம்: கோத்தகிரி நாட்குறிப்பு

12 அக்டோபர் 2025, ஞாயிறு

வரும் செவ்வாயோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வரும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுவிடும் என்பதால், கோத்தகிரி கடைவீதியிலுள்ள என் ஒற்றை அறைக் கடையைப் பிற்பகலிலேயே அடைத்துவிட்டுப் பில்லிங் கணினியின் முன் அமர்ந்தேன். சிறு தேயிலை விவசாயிகளின் பசுந்தேயிலை எடைக் கணக்குகளும் அவர்களுக்காகத் தட்டச்சு செய்த விண்ணப்பங்களும் 2019 முதல் இந்த ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. ஆகவே முதலில் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அதிலிருந்து நான்கைந்து கோப்புகளைத் திறந்தும் பார்த்தேன். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அடுத்து, கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று மைக்ரோசாஃப்ட்டின் சோதனை நிரலை ஓட்டினேன். செயலி ஐ3-8100, எட்டாம் தலைமுறை என்பதால் தேறிவிட்டது. 8 ஜி.பி. நினைவகமும் போதும், ஏனெனில் குறைந்தபட்சத் தேவை 4 ஜி.பி.தான். ஆனால் பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் டி.பி.எம். 2.0 என்ற பகுதி இல்லை என்று சிவப்புக் குறி காட்டியது. உண்மையில் அது இல்லாமல் இல்லை. பல இன்டெல் பலகைகளில் அது பி.டி.டி. என்ற பெயரில், கணினியைத் துவக்கும் அடிப்படை நிரலான பயோஸுக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த வரியைத் தேடிப் பிடித்து இயக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. இந்த ஒரு வரியை அறியாமல் நல்ல கணினியைப் பழைய இரும்புக்குப் போட்டவர்கள் எத்தனை பேரோ.

13 அக்டோபர், திங்கள்

இன்னொரு தடை மிச்சமிருந்தது. பாகங்களைச் சேர்த்துக் கணினியைப் பூட்டிக் கொடுத்தவர் வட்டை எம்.பி.ஆர். என்ற பழைய முறையில் பிரித்திருந்தார், விண்டோஸ் 11 கேட்கும் யு.இ.எஃப்.ஐ. என்ற புதிய வகைத் துவக்கத்துக்கு அது ஜி.பி.டி. என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற வேண்டும். தரவை அழிக்காமல் மாற்றித் தரும் கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் வட்டின் பெரும் பகுதிகளான முதன்மைப் பகிர்வுகள் மூன்றுக்கு மேல் இருந்தால் அது கையை விரித்துவிடும். என்னிடம் நான்கு இருந்தன. ஈ-டிரைவைக் காலி செய்து நீக்கிய பிறகு சரிபார்ப்பும் மாற்றமும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் முடிந்தன.

14 அக்டோபர், செவ்வாய்

வீட்டிலுள்ள நான்காம் தலைமுறைக் கணினிக்கு விண்டோஸ் 11 கிடையாது. குறுக்கு வழியில் ஏற்றலாம் என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் அதைப் பதிவு செய்தேன். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் வரும். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை.

இரவு எட்டு மணிக்குக் கடைக் கணினியில் மேம்படுத்தலைத் தொடங்கினேன். பதினொன்றரைக்குப் புதிய உள்நுழைவுத் திரை வந்தது. கணக்கு மென்பொருள் திறந்தது. பிரிண்டரும் ஒரு தாளைத் துப்பியது. மழையில் இணையம் மட்டும் பத்து மணிக்கே போயிருந்தது. மீதியைக் காலையில் பார்க்கலாம் என்று, எப்போதும் போல மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

15 அக்டோபர், புதன்

நான் வருவதற்குள் தம்பி கடையைத் திறந்து கணினியையும் போட்டிருந்தான். “அண்ணா, லைசென்ஸ் போயிடுச்சுங்க” என்றான். திரையின் வலது கீழ் மூலையில் விண்டோஸைச் செயல்படுத்தச் சொல்லும் சாம்பல் நிற எழுத்துகள் நீர்க்குறி போல நின்றன. அமைப்புகளுக்குள் சென்று பார்த்தால் 80072எஃப்8எஃப் என்று முடியும் பிழை எண் இருந்தது.

முந்நூறு நானூறு ரூபாய்க்கு இணையத்தில் உரிமச் சாவி கிடைப்பதாகத் தம்பி அதற்குள் கண்டுபிடித்து வைத்திருந்தான். வேண்டாம் என்றேன். இந்தக் கணினியின் விண்டோஸ் 10 முறையாக வாங்கியது. விண்டோஸ் 11-க்கு மாறும்போது அதே டிஜிட்டல் உரிமம் தொடர வேண்டும். அந்த உரிமம் முக்கியமாக மதர்போர்டோடு பிணைந்தது, நாமோ மதர்போர்டை மாற்றவில்லை. பயோஸில் பி.டி.டி.யை இயக்கியதாலோ வட்டை ஜி.பி.டி. ஆக்கியதாலோ உரிமம் போகாது. ஹோம் பதிப்பிலிருந்து ஹோம் பதிப்புக்குத்தான் வந்திருக்கிறோம். பிறகு எங்கே கோளாறு?

விடை திரையிலேயே இருந்தது, இருவருமே பார்க்கவில்லை. உலாவியைத் திறந்தபோது எந்தத் தளமும் பாதுகாப்பானதல்ல என்ற எச்சரிக்கை வந்தது. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன்: 2018 ஜனவரி 1, காலை மணி 12.19.

அந்தப் பிழை எண்ணின் பொருளும் அதுதான். செயல்படுத்தும் சர்வரோடு பேசும்போது கணினி அதன் பாதுகாப்புச் சான்றிதழைச் சரிபார்க்கிறது. 2018-இல் நிற்கும் கணினியின் பார்வையில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. உரிமத்தைப் பற்றிய பேச்சு தொடங்குமுன்பே உறவு முறிந்துவிடுகிறது. நமக்கோ உரிமம் போனதாகத் தோன்றுகிறது.

நேரம் ஏன் தானாகச் சரியாகவில்லை என்று தம்பி கேட்டான், நல்ல கேள்வி. வீடுகளிலும் சிறு கடைகளிலும் உள்ள விண்டோஸ், 15 மணி நேரத்துக்கு மேல் விலகிய கடிகாரத்தை இயல்பு நிலையில் தானாகத் திருத்தாது. நமது விலகலோ ஏழு ஆண்டுகளுக்கும் மேல். கையால் தேதியைத் திருத்தி, செயல்படுத்தல் பக்கத்தில் மறுபடி முயலச் சொல்லி அழுத்தினேன். நீர்க்குறி மறைந்தது. உரிம நிலையைச் சொல்லும் எஸ்.எல்.எம்.ஜி.ஆர். கட்டளையில் எக்ஸ்.பி.ஆர். சேர்த்துக் கேட்டதற்கு, நிரந்தரமாகச் செயல்படுத்தப்பட்டது என்ற பதில் வந்தது.

16 அக்டோபர், வியாழன்

இரவு மெயினை அணைத்து, காலையில் போட்டேன். மறுபடியும் 2018. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். மதர்போர்டின் ஓரத்தில் ஐந்து ரூபாய் நாணயம் போன்ற பட்டன் பேட்டரி. அதைக் கவ்வியிருந்த உலோக நாக்கில் பச்சைப் பூச்சு. மேகம் அறைக்குள் வந்து போகும் ஊரில் எந்த உலோகத்துக்கும் இதுதான் கதி. சிறிய திருப்புளியின் முனையால் நாக்கை விலக்கியதும் பேட்டரி துள்ளி வெளியே வந்தது. மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்ட வேண்டியது 1.9 காட்டியது.

கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது இந்தப் பேட்டரிதான்; சுவரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை இதற்கு வேலை இல்லை. நானோ சிக்கனம் என்று ஒவ்வோர் இரவும் மெயினை அணைத்து, ஆறு ஆண்டுகளாக அதை மட்டுமே நம்பியிருக்கிறேன். கடிகாரம் கடைக்கடைசியாகச் செத்தது மேம்படுத்திய அன்று இரவில் என்பதால், பழி விண்டோஸ் 11 மேல் விழுந்தது. கைக்கடிகாரக் கடையில் சி.ஆர். 2032 ஒன்று வாங்கி வந்து, நாக்கைத் தாளால் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினேன். பயோஸ் அமைப்புகள் தொடக்க நிலைக்குப் போயிருந்ததால் பி.டி.டி.யை மீண்டும் இயக்க வேண்டியிருந்தது.

18 அக்டோபர், சனி

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். சமவெளியில் ஒரு கடையில் விண்டோஸ் 11 போட்டுக் கொடுத்தார்களாம்; ஒரு மாதமாகச் செயல்படுத்தச் சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். “கீ தனியா வாங்கணும்னாங்க. நிஜமாவா தம்பி?” என்றார்.

பிழை எண் 803எஃப்7001. இந்தக் கணினிக்கு ஏற்ற உரிமம் எதுவும் இல்லை என்று பொருள். ஏறியிருந்தது ப்ரோ பதிப்பு. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் ஒரு வரி கொடுத்து, தயாரிப்பாளர் ஃபர்ம்வேரில், அதாவது பலகையிலேயே உள்ள நிரலில், பதித்திருந்த சாவியைப் படித்தேன். அது ஹோம் பதிப்புக்கானது. அவர் மடிக்கணினிக்குக் கொடுத்த விலையிலேயே உரிமமும் அடங்கியிருந்தது. போட்டவர் தவறான பதிப்பைப் போட்டுவிட்டுச் சாவிக்கும் பணம் கேட்டிருக்கிறார். “சார், நீங்க எதுவும் வாங்க வேண்டியதில்லை” என்றேன். ஆனால் ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க நேர்வழி கிடையாது. துடைத்துப் புதிதாக நிறுவ வேண்டும்.

இங்கே நான் பிறருக்கு எச்சரிக்கும் தவறை நானே செய்தேன். கோப்புகளை நகலெடுக்குமுன், பென் டிரைவ் துவங்குமா என்று பார்ப்பதற்காகப் பயோஸில், நம்பகமான நிரல்களை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட் வசதியை அணைத்தேன். பென் டிரைவ் துவங்கவில்லை. மாறாக நீலத் திரையில், வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கணினிகளில் வட்டு தானாகவே குறியாக்கம் ஆகிவிடும். மீட்புச் சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்படும். எந்தக் கணக்கு என்று சாரைக் கேட்டேன். நிறுவிய பையன் தன்னுடைய கணக்கிலேயே நுழைந்து கொடுத்தானாம்.

என் காது சூடாகிவிட்டது. சாரிடம் அதைக் காட்டிக்கொள்ளாமல் செக்யூர் பூட் வசதியைப் பழையபடி இயக்கி மறுபடி துவக்கினேன். துவக்க நிலை முன்பு பதிவானதோடு ஒத்துப்போனதால் டி.பி.எம். சாவியை விடுவித்தது, விண்டோஸ் திறந்தது. வேறெதையும் தொடாமல், பழைய பாமினி எழுத்துருவில் அவர் தட்டச்சு செய்து வைத்திருந்த முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களையும் எழுத்துருக் கோப்பையும் இரண்டு இடங்களில் நகலெடுத்தேன்.

22 அக்டோபர், புதன்

தீபாவளி முடிந்து இன்றுதான் கை வைத்தேன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய நிறுவியைப் பென் டிரைவில் ஏற்றித் துவக்கியதும், அது சாவியும் கேட்கவில்லை, பதிப்பும் கேட்கவில்லை. ஃபர்ம்வேரிலுள்ளதைப் படித்து ஹோமைத் தானே எடுத்துக்கொண்டது. வைஃபை டிரைவர் இல்லாததால் நடுவில் இணையப் பக்கத்தில் நின்றது. என் கைபேசியைக் கேபிளில் இணைத்து அதன் இணையத்தை டெதரிங்கில் கொடுத்தேன், நகர்ந்தது. இம்முறை சாரின் கைபேசி எண்ணில் அவருக்கே ஒரு கணக்குத் தொடங்கினேன். டெஸ்க்டாப் வந்தபோதே செயல்படுத்தப்பட்டிருந்தது.

48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார்.

25 அக்டோபர், சனி

கடைக் கணினியில் விண்டோஸ் 10-க்குத் திரும்பிச் செல்லும் வாய்ப்புக்கான பத்து நாள் நேற்றோடு முடிந்தது. பழைய விண்டோஸின் மிச்சத்தை அழித்ததில் இருபது ஜி.பி.க்கு மேல் இடம் கிடைத்தது. புதிய பேட்டரி போட்ட தேதியை எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். இன்று காலை தம்பி கணினியைப் போட்டதும் கடவுச்சொல்லை அடிக்குமுன் கடிகாரத்தைப் பார்த்தான்; நான் சொல்லவில்லை.